வெள்ளைப் பொடி

“வீட்டுத் தூசி” என்று திரையில் எழுத்து விழுந்தபோதுதான் சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை அவருடைய உடம்பு மட்டும்தான் அந்த ஓட்டல் மாடி ஹாலில் இருந்தது. கரூரிலிருந்து திரைச்சீலை ஏற்றுமதி செய்கிறவர்கள் கம்பெனிக்கு ஒரு ஆளாக இந்தக் கூட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. சின்ன முதலாளி வழக்கம்போல நழுவிக்கொண்டு, “நீங்களே போய்ட்டு வந்துருங்க மாஸ்டர், ஏ.சி.யில உக்காந்து ஒரு பிரியாணியச் சாப்புட்டுட்டு, அந்தப் பாரத்துல கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு வந்தாப் போதும்” என்று இவரைத் தள்ளிவிட்டார். இவருக்கும் இது புதிதில்லை. முப்பது வருஷமாகக் கோட்டிங் மாஸ்டர். துணியின் முதுகில் தீப்பிடிக்காத பூச்சு ஏற்றுவது அவர் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை யாராவது சென்னையிலிருந்து வந்து படம் போட்டுக் காட்டி, இந்த மருந்து கூடாது, அந்த மருந்து கூடாது என்பார்கள். இவர்களும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். பாரம் மடியில் இருந்தது. கீழே குறித்துள்ள வேதிப்பொருளோ அது கலந்த சரக்கோ எங்களிடம் இல்லை என்று உறுதி கூறுகிறேன். அடியில் ஒரு கோடு. வந்ததும் போட்டுக் கொடுத்திருந்தால் தீர்ந்தது, பேனா சட்டைப்பையில்தான் இருக்கிறது. கம்பெனியில் இல்லைதான், சத்தியமாக இல்லை, கடைசி மூட்டை போய் ஆறு வருஷம். ஆனால் மேடையில் நிற்கிற அந்தம்மா தூசி என்கிறது. வீடு என்கிறது. கம்பெனிக் கூட்டத்தில் வீட்டைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்? காலையில் அவர் கிளம்பும்போது பூங்கொடி வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். மகள் தாரணிக்கு வயிற்றில் எட்டு மாதம் முடிகிறது, இன்றைக்குத் தொட்டில்துணியை எடுத்துத் துவைத்து வைக்கப் போகிறேன் என்றாள். செய் என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

மேடையில் நின்றவர் ரெஜினா என்கிற விஞ்ஞானி. முப்பத்தைந்து வயதிருக்கும். தொண்டை கட்டியிருந்ததால் அடிக்கடி வெந்நீர் குடித்துக்கொண்டார். மிரட்டுகிற ஆளில்லை, அதுதான் சென்னியப்பனுக்குச் சங்கடமாக இருந்தது. மிரட்டினால் போம்மா என்று மனசுக்குள் ஒதுக்கிவிடலாம். “டெக்கா துணியோட ஒண்ணாக் கலந்துடறதில்ல சார். பூச்சுக்குள்ள சும்மா உக்காந்திருக்கு. துணி பழசாகப் பழசாக உதிரும். தரையில தூசியோட தூசியாக் கெடக்கும். தரையில தவழ்றது யாரு? கையை எடுத்து வாயில வெக்கிறது யாரு?” டெக்கா. தீப்பிடிக்காத பூச்சில் கலக்கிற பொடி, பார்த்தால் மைதா மாதிரி இருக்கும். முதல் மூட்டையைப் பிரித்த நாள் ஞாபகம் இருக்கிறது, கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார், வாசமே இல்லை. கெடுதல் என்றால் நாற வேண்டும், கண் எரிய வேண்டும், தோல் வெந்து போக வேண்டும். சாயப்பட்டறையில் அமிலம் பட்டு ஒரு நகம் போன ஆளுக்கு அப்படித்தான் தெரியும். இது ஒன்றும் செய்யவில்லை. நல்ல பிள்ளையாக வாளியில் இருந்தது, டாங்கில் கொட்டினால் வெள்ளையாகப் புகைந்து எழும்பி அடங்கியது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் புருவமெல்லாம் படிந்திருக்கும். “மாஸ்டரு அதுக்குள்ள கெழவனாயிட்டாருங்கோ” என்று பூங்கொடி சிரித்துக்கொண்டே முந்தானையால் துடைத்துவிடுவாள். அதே முந்தானையால்தான் பிள்ளைக்கும் வாய் துடைப்பாள். சட்டையை உதறிக் கொடியில் போடுவார். உதறிய இடத்துக்கு நேர் கீழேயா பிள்ளை கிடந்தது? லைன் வீடு, ஒரே அறை, எங்கே நின்று உதறினாலும் நேர் கீழேதான். திரையில் இப்போது ஒரு பெரிய மண்டபத்தின் படம் வந்தது. ஜெனீவாவாம். கோட்டு போட்டவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், ஆளுக்கு முன்னால் நாட்டின் பெயர்ப்பலகை. உலகத்து நாடுகளெல்லாம் கூடி டெக்காவை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது இரண்டாயிரத்துப் பதினேழில் என்றார் ரெஜினா. பதினேழு. அந்த வருஷம் தாரணி பத்தாம் வகுப்பு, கணக்கில் தோற்றுப் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் கம்பெனிக்குக் கடிதம் வந்தது. நீலம் வேண்டாம், பச்சை போடு என்று வாங்குகிறவன் எழுதுவானே, அந்த மாதிரி ஒரு கடிதம். இவர்களும் மருந்தை மாற்றினார்கள். மிச்ச மூட்டைகளை எண்ணி லாரியில் ஏற்றியவர் இவர்தான். வீட்டு பீரோவில் மடித்து வைத்திருந்த தொட்டில்துணி அன்றைக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

பன்னிரண்டு வினாடி. துணியைத் தொங்கவிட்டு அடியில் சுடரைப் பன்னிரண்டு வினாடி காட்டி எடுத்தால் தீ தானாக அணைய வேண்டும், அணைந்தால் சரக்கு பாஸ். நாளைக்கு நாற்பது தடவை வாயால் எண்ணி எண்ணியே பழகிவிட்டது, குளிக்கும்போதுகூட எண்ணுவார். அவர் பூச்சு ஏற்றிய அந்தத் தொட்டில்துணி நீலப்பூ போட்டது. ஒரு ஓரத்தில் நிறம் மங்கிவிட்டது என்று திரும்பி வந்தது. மேனேஜரே எடுத்துக்கொள்ளச் சொன்னார், திருட்டில்லை. தாரணி பிறந்து இருபது நாள் அப்போது. பம்ப் ஸ்டவ்வுக்கு நாலடி தூரத்தில் விட்டத்திலிருந்து தொங்கியது தொட்டில், பூங்கொடியின் பழைய நைலக்ஸ் சேலையில் கட்டியது. நைலக்ஸ் எப்படி எரியும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? உருகிச் சொட்டும், சொட்டின இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. மறுநாளே சேலையை அவிழ்த்துவிட்டு இந்தத் துணியைக் கட்டினார். மொடமொடவென்று இருக்கிறதே என்று அவள் நாலு நாள் கல்லில் அடித்துப் பதமாக்கினாள். வேறு எந்த அப்பனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது, ஒரு கோட்டிங் மாஸ்டருக்குத்தான் வரும். வந்ததே. மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் சைக்கிளை வாசலில் நிறுத்துகிறார், பூங்கொடி குழாயடியில் குடத்தோடு நிற்கிறாள், உள்ளே ஸ்டவ் குபீரென்று வெடித்தது. கொடித் துணிகள் பற்றின. தீ தொட்டிலின் அடி ஓரத்தைப் பிடித்தது. ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டியதுதானே? கால் நகரவில்லை. வாய் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது, ஒன்று, இரண்டு, மூன்று. உள்ளே பிள்ளை கிடக்கிறது, அப்பன் வாசலில் நின்று எண்ணுகிறான். இதை அவர் இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. தீ ஒரு சாண் ஏறியது, அங்கேயே நின்றது, அணைந்துவிட்டது. தாரணி கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு கிடந்தாள். ஒரு மயிர் கருகவில்லை. துணியில் உள்ளங்கை அகலத்துக்குக் கரித்தடம், பார்த்தால் ஐந்து விரல் மாதிரியே இருந்தது. பூங்கொடி ஓடிவந்து பிள்ளையை அணைத்துக்கொண்டு, “ஆத்தா கைய வெச்சுத் தடுத்துப்போட்டா பாருங்க, ஆத்தா கைய வெச்சுத் தடுத்துப்போட்டா” என்று அலறினாள். லைன் வீடு மொத்தமும் கூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சென்னியப்பன் கருகின கொடித் துணிகளை மிதித்து அணைத்தார். என்னவென்று சொல்வது? ஆத்தா இல்லை பூங்கொடி, டெக்கா என்றா? அடுத்து வந்த வைகாசித் திருவிழாவிலிருந்து அவள் வருஷம் தவறாமல் மாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறாள். வெறும் கையில் வேப்பிலையைப் பரப்பி அதன்மேல் சட்டியை ஏந்திக்கொண்டு ஆற்றங்கரையிலிருந்து கோயில்வரை நடப்பாள். அவர் தண்ணீர்ச் செம்போடு பின்னால் நடப்பார். ஒவ்வொரு வருஷமும் கோயில் வாசலில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த துரைசாமி முழங்கையால் இடித்தார். வேறொரு கம்பெனியின் ஸ்டோர் ஆள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். “ஏனுங் மாஸ்டர், பிரியாணின்னு சொன்னாங்க, வாசத்தையே காணமுங்களே?” சென்னியப்பன் உம் என்றார். திரையில் ஒரு குழந்தையின் தலையை வரைந்து, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒன்றை வரைந்திருந்தார்கள். தைராய்டு. தாரணி தினம் காலையில் வெறும் வயிற்றில் போடுகிற வெள்ளை மாத்திரை. பன்னிரண்டு வயதிலிருந்து போடுகிறாள். இப்போதும், வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும், முதலில் மாத்திரை டப்பாவைத்தான் ஜன்னலில் எடுத்து வைத்தாள். அடுத்த படம். கற்கும் திறன், நினைவு, கவனம் என்று மூன்று வார்த்தைகள். எலிகளில் பார்த்தது, பிள்ளைகளில் பார்த்தது என்று ரெஜினா சொல்லிக்கொண்டே போனார். சென்னியப்பனுக்கு அந்த மூன்று வார்த்தைகளுக்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை. ஏழெட்டு? வாய்ப்பாடு கேட்கும்போது அவர் கையில் மர ஸ்கேல், முனையில் பித்தளைத் தகடு அடித்தது. ஏழெட்டு எத்தனைடி? அம்பத்திநாலுங்ப்பா. நேற்றுச் சரியாகச் சொன்னாயே, நேற்று ராகம் போட்டுச் சொன்னாயே, இன்றைக்கு எங்கே போயிற்று? அவரும் படிப்பில் பெரிய ஆளில்லை, ஆனால் எண்ணத் தெரியும், எண்ணியே பிழைத்த ஆள், தனக்குப் பிறந்தது ஏழாம் வாய்ப்பாட்டில் நிற்கிறதே என்று அப்படியொரு ஆங்காரம் வரும். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவர் முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். அவர் கேட்பதற்கு முன்னால் கையை நீட்டிவிடுவாள். அதுதான், அதுதான் தாங்கவில்லை. அழமாட்டாள். இமையை மட்டும் இறுக்கிக்கொண்டு, சின்ன உள்ளங்கையை விரித்து நீட்டுவாள், இந்தாங்கப்பா என்று கொடுப்பது போல. அவரும் அடிப்பார். சோம்பேறி என்று சொன்னார், மாட்டு மூளை என்று சொன்னார், சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது, எதையாவது சொல்லாமல் விட்டிருக்கலாம். அது அவள் குற்றமாக இல்லாமல் இருந்திருந்தால்? அவர் புருவத்தில் தூக்கிக்கொண்டு வந்ததாக இருந்தால்? அவர் கட்டிய தொட்டிலிலிருந்து அந்த வாய்க்குள் உதிர்ந்ததாக இருந்தால்? அப்படியென்றால் எதற்கு அடித்தார், யாரை அடித்தார்? யாரோ கொட்டாவி விட்டார்கள்.

தாரணியோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் போடக் கூடாது, நல்லபடியாக வளர்ந்த பிள்ளையின் பழந்துணியில்தான் போட வேண்டும் என்று ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறதே. ஆத்தா கை வைத்த துணி என்று பேர் வாங்கிய பிறகு அவர்கள் குடியிருக்கும் வெங்கமேட்டில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் பூங்கொடியிடம்தான் வந்து நிற்பார்கள். தட்டில் வெற்றிலை பாக்கோடு வந்து வாங்கிப் போவார்கள். ஆறு மாதமோ எட்டு மாதமோ கழித்து, துவைத்து, ஒரு முனையில் மஞ்சள் தடவித் திருப்பிக் கொடுப்பார்கள். எத்தனை வீடு? பதினாலு வரை அவள் கணக்கு வைத்திருந்தாள். அவள் அதைக் கொடுக்கும்போது எப்படி நிற்பாள் என்று அவருக்குத் தெரியும். மாமியாரிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்காதவள், சொந்தத்தில் ஒரு மரியாதை பார்க்காதவள், அந்தத் துணியைக் கொடுக்கிற அந்த ஐந்து நிமிஷம் மட்டும் பெரிய மனுஷியாக நிற்பாள். கடைசியாகப் போனது எதிர்வீட்டு வளர்மதிக்கு. அவள் பையன் கவினுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது, இன்னும் பேச்சு வரவில்லை. வந்துவிடும், சில பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும் என்று போன வாரம்கூட இவரே வளர்மதிக்குச் சமாதானம் சொன்னார். எத்தனையோ காரணம் இருக்கும். இருக்கட்டும். பதினாலு வீட்டிலும் எல்லாப் பிள்ளைகளுமா அப்படி? ஒருத்தி டாக்டருக்குப் படிக்கிறாளே! சென்னியப்பன் அந்த ஒருத்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். பிடி நிற்கவில்லை. கை தானாகத் தூக்கிக்கொண்டது. கூட்டத்தில் கை தூக்கி அவருக்குப் பழக்கமில்லை. மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

“தொவச்சாப் போயிருமுங்களா?” என்றார். தன் குரல் அந்த ஸ்பீக்கரில் வேறு யாருடையதோ போலக் கேட்டது. ரெஜினா தண்ணீரைக் கீழே வைத்தார். “முழுசாப் போகாது சார். கொஞ்சம் துவைக்கிற தண்ணியில போகும், மிச்சம் துணியிலயேதான் இருக்கும். துவைச்சாலும் போகக் கூடாதுன்னுதானே நீங்க பூச்சு போடறீங்க?” ஆமாம், அதற்கும் ஒரு சோதனை உண்டு, அதிலும் அவர் சரக்கு பாஸ்தான். “ஒரு கொழந்தைக்கு… அந்தத் துணியில கெடந்த கொழந்தைக்குப் படிப்பு வல்லீன்னா, அது இதனாலதானுங்களா?” ஹால் சத்தம் கொஞ்சம் அடங்கியது. துரைசாமி அவரைத் திரும்பிப் பார்த்தார். ரெஜினா அவரைப் பார்த்துச் சொன்னார். “ஒரு குழந்தையைக் காட்டி இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது சார். இல்லைன்னும் சொல்ல முடியாது. அதனாலதான் நிறுத்துங்கன்னு சொல்றோம்.” அப்புறம், கேள்வி எங்கிருந்து வருகிறது என்று புரிந்ததுபோல, இன்னும் மெதுவாகச் சொன்னார். “வீட்ல அந்த மாதிரித் துணி இருந்தா ஒரு பையில போட்டுக் கட்டி எங்ககிட்ட குடுங்க. கொளுத்திடாதீங்க, புகை இன்னும் மோசம்.” சென்னியப்பன் சரிங்க என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். பதினாலு வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டும். போய் நின்று என்ன கேட்பது, பையன் எப்படிப் படிக்கிறான் என்றா? தெரிந்து அவர்கள் என்ன செய்வார்கள்? தெரியாமலே இருந்தால் என்ன? அப்படி இருபத்திரண்டு வருஷம் இருந்துதான் பார்த்தாயிற்று. எல்லாரும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். பிரியாணி வந்துவிட்டது.

அவர் மட்டும் படிக்கட்டுக்கு வந்து சுவரோரமாக நின்று வீட்டுக்குப் போன் போட்டார். தாரணி எடுத்தாள். “அப்பா, சாப்புட்டீங்களா?” சாப்பிடுகிறேன் கண்ணு என்றார். மாத்திரை போட்டயா? “போட்டனுங்ப்பா. காலையிலயே போட்டாச்சு.” வேறு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. ஏழெட்டு ஐம்பத்தாறு, போனால் போகிறது கண்ணு, அதில் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. “கை காலு வீங்கலியே?” என்றுதான் வந்தது. இல்லை என்று சிரித்தாள். “அம்மா மாடியில இருக்குது, தொட்டில்துணி காயப் போட்டுட்டு. இருங்க, குடுக்கறேன்.” செருப்புச் சத்தம் படியேறுவது கேட்டது, மெல்ல, நின்று நின்று, வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஏறுகிறவளின் சத்தம். ஏறாதே கண்ணு, அங்கே போகாதே என்று அவர் சொல்வதற்குள் பூங்கொடி வந்துவிட்டாள். “சொல்லுங்க.” புள்ளையக் கீழ போகச் சொல்லு என்றார். “ஏனுங்க, என்னாச்சுங்க?” போகச் சொல்லு பூங்கொடி. மகள் இறங்கிப் போனதும் சொன்னார். முதலில் பொடியைச் சொன்னார். கம்பெனியில் மூட்டை மூட்டையாக வந்ததே, என் புருவத்தில் நீ துடைப்பாயே, அது பிள்ளைகளுக்கு ஆகாதாம், உலகத்திலேயே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்களாம். “செரி, அதுக்கென்னுங்க இப்ப? அது போய்த்தான் ஆறு வருசமாச்சே” என்றாள். அந்தத் துணியில் இருக்கிறது பூங்கொடி. நான்தான் கொண்டுவந்து கட்டினேன். அந்தத் துணி தீப்பிடிக்காது. அந்தப் பொடி போட்டது தீப்பிடிக்காது, அன்றைக்கே எனக்குத் தெரியும், நான் வாசலில் நின்று எண்ணினேன். பாரம் இன்னும் கையில் இருந்தது, சுருண்டு ஈரமாகி, கையெழுத்தில்லாமல். மறுமுனையில் மாடிக் காற்றில் துணி படபடவென்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. இருபத்திரண்டு வருஷத் துவையலில் பதமாகிவிட்ட துணி அது.

“அப்ப அன்னிக்கு ஆத்தா வரலீங்களா?”

உள்ளே கரண்டிச் சத்தமும் துரைசாமியின் சிரிப்பும் கேட்டன. அவள் அழுகிறாளா என்று காதை அழுத்திக் கேட்டுப் பார்த்தார். அழவில்லை. கொடியிலிருந்து துணியை உருவுகிற சத்தம் வந்தது. பிறகு அவள் குரல், சந்தையில் பேசுகிற குரல் மாதிரி ஒன்றுமே இல்லாமல் வந்தது.

“செரிங்க. பொறத்தால கொண்டுபோயித் தீய வெச்சுப்போடறனுங்க.”

“எரியாது பூங்கொடி” என்றார் சென்னியப்பன். “அது எரியாது.”